காலில் கட்டிய எடைக்கல்

1946, தை மாதம், வியாழன் இரவு

ஒரு வருடமாகச் சுவரைப் பிடித்துத்தான் தரையிலிருந்து எழுகிறேன். முழங்கால் தேய்மானத்துக்கு டாக்டர் மருந்து தரவில்லை. கடையில் சம்மணம் போடாதே, முக்காலியில் உட்கார்ந்து, பாதத்தில் இரண்டு ராத்தல் கனம் கட்டிக் காலை நீட்டி மடக்கு என்றார். கடையின் எடைக்கல் சரியாக இரண்டு ராத்தல். மூன்று வாரமாக, ஆள் வராத நேரத்தில் அதைத்தான் கட்டிக்கொள்கிறேன்.

இன்று தோணிக்காரர் மனைவி கருப்பட்டி கேட்டு வந்தாள். யோசிக்காமல் குனிந்து, அவள் கண்முன்னே காலிலிருந்து கல்லை அவிழ்த்துத் தராசில் வைத்துவிட்டேன்.

"அண்ணாச்சி, கால்ல கட்டுன கல்லுலயா எனக்கு நிறுக்கிய?"

"வெறும் இரும்புதானம்மா. கழுவித் தாரேன்."

"எனக்கு வேண்டாம்" என்று போய்விட்டாள். பத்து வருட வாடிக்கை.

சாயங்காலத்துக்குள் என் மனைவிக்குச் செய்தி எட்டிவிட்டது. கல்லை மஞ்சள் தண்ணீரில் கழுவிச் சாமி மாடத்தில் வைத்தாள். "லச்சுமியைக் கால்ல கட்டுனா கடை வெளங்குமா?" என்றாள். சரி, இனி என் காலுக்கு மணல் பைதான். இந்த ஊரில் மணலுக்கா பஞ்சம்.

ஆனால் இரண்டு ராத்தல் மணலை நிறுக்கவும் அந்தக் கல்தான் வேண்டும். அவள் அடுக்களைக்குள் போனதும், சாப்பிட்ட இடத்திலிருந்து சட்டென்று எழுந்து போய் எடுத்து வந்தேன். மணலை நிறுத்துப் பையைக் கட்டிய பிறகுதான் உறைத்தது. எழும்போது சுவரைப் பிடிக்கவில்லை.

இதை அவளிடம் இப்போது சொல்வதற்கில்லை. மஞ்சள் தண்ணீரின் பலன் என்பாள்.