தம்பியின் படத்துக்கு முன்னால் ஒரு தட்டுப் பிட்டு

அக்கா,

இன்று காலை யாரோ கதவைத் தட்டினார்கள். வழக்கம்போல, கெட்ட செய்திதான் என்று நினைத்தேன். இவர் வேலைக்கும் பிள்ளை பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டார்கள். வீட்டில் நான் மட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவுத் துளையால் பார்த்தால், உங்கள் மூத்த மகள் நிற்கிறாள். கைநிறைய மஞ்சள் செவ்வந்தி. கதவைத் திறந்ததும் அந்தப் பூவின் காரமான வாசம் உள்ளே வந்தது.

"அம்மாவின்ர படத்தை மேசையில வைச்சாச்சு. அம்மாவுக்கு உங்கட பிட்டெண்டா உயிரல்லோ. பின்னேரம் அவிச்சுக்கொண்டு வாறீங்களோ?" என்று பிரெஞ்சில் கேட்டாள். ஓம் என்றேன். அவள் போன பிறகும் கதவுப்பிடியை விடாமல் நின்றேன். போன வருஷம் இதே நாளில்தானே உங்கள் வீட்டில் நான் அந்தக் கூத்தை ஆடினேன்.

கனடாவுக்கு வந்து, மொன்ட்ரியால்-நோரில் இந்தக் கட்டடத்தில் நாங்கள் குடியேறிய முதல் மாரியில் ஹீற்றர் பழுதாகிப்போனது நினைவிருக்கிறதா? நீங்கள் மேல்மாடியிலிருந்து இறங்கி வந்தீர்கள். நான் யார் எவர் என்றுகூடக் கேட்காமல், கைக்குழந்தையை வாங்கிச் சால்வைக்குள் சுற்றிக்கொண்டு நடந்துவிட்டீர்கள். நாங்கள் பின்னால் ஓடிவந்தோம். மூன்று அறை வீட்டில் ஏற்கெனவே பதினொரு பேர். பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், போதாததற்கு முதல்நாள்தான் உங்கள் ஊர் மெக்சிக்கோவிலிருந்து வந்திறங்கிய யாரோ ஒரு மனிதர். எல்லோரும் உங்களை 'மமா' என்று கூப்பிட, இவர் என் காதுக்குள், "இந்த மனுசி எப்பிடியப்பா எல்லாருக்கும் மாமா?" என்றார். குளிருக்குள்ளும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் மட்டும் உங்களை அக்கா என்று கூப்பிடப் பழகினேன். நமக்குப் பொதுவாக இருந்தது வகுப்பில் பாதி படித்த பிரெஞ்சுதான். ஆனால் நீங்கள் சொன்னதெல்லாம் என் மனதில் தமிழில்தான் கிடக்கிறது.

பிறகு வன்னியில் சண்டை இறுகியது. கிளிநொச்சிப் பக்கம் இருந்த என் தம்பியின் தொலைபேசி ஒருநாள் நின்றுபோனது. அதன் பிறகு போன் அடித்தாலும் பயம், அடிக்காவிட்டாலும் பயம். அவன் படத்தைக் கொண்டுவந்து உங்கள் கையில் தந்து, "உங்கட மாதாவுக்கு முன்னால வைச்சு மன்றாடுங்கோ" என்றேன். நான் சைவக்காரி. ஆனால் அந்த நேரம் எந்தச் சாமியின் காலிலும் விழுந்திருப்பேன். படத்தைத் துடைத்து வைத்துவிட்டு, "இவனுக்கு என்ன சாப்பாடு விருப்பம்?" என்று கேட்டீர்கள். பிட்டும் மாம்பழமும் என்றேன். சும்மா கேட்கிறீர்கள் என்று நினைத்தேன்.

கார்த்திகை இரண்டாம் நாள், உங்கள் ஊரில் செத்தவர்களை நினைக்கும் நாளாம், சாப்பிட வரச்சொன்னீர்கள். மாதாவின் படத்தடியில் பூவும் மெழுகுதிரியுமாக ஒரு மேசை. உங்கள் தாய், தகப்பன், புருஷன், கீழ்வீட்டு ஹெயிட்டிக் கிழவரின் மனைவி என்று எல்லாம் செத்தவர்களின் படங்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் அவரவருக்கு விருப்பமான சாப்பாடு. நடுவில் என் தம்பி. அவனுக்கு முன்னால் சோளமாவில் நீங்களே அவித்த, கட்டிகட்டியான பிட்டு. பக்கத்தில் சீவிய மாம்பழம்.

படத்துக்கு முன்னால் சாப்பாடு வைத்தால் என்ன அர்த்தம் என்று எனக்கு ஒருவரும் சொல்லித்தரத் தேவையில்லை. செத்தவர்களுக்கு எங்கள் வீட்டிலும் அப்படித்தான் படைப்போம். "ஐயோ, என்ர தம்பி சாகேல்ல! அவன் சாகேல்ல!" என்று கத்தினேன். படத்தைப் பறித்த வேகத்தில் தட்டு விழுந்து நொறுங்கியது. அத்தனை பேருக்கும் முன்னால் வாயில் வந்தபடி தமிழில் ஏசினேன். உங்கள் மகள் என்மேல் பாய வந்தாள். நீங்கள் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, குனிந்து நிலத்தில் கிடந்த பிட்டைப் பொறுக்கினீர்கள்.

அதன் பிறகு ஆறு மாதம், உங்கள் முகத்தில் முழிக்கப் பயந்து, பனி உறைந்த பின்படியால்தான் போய்வந்தேன். நீங்கள் படத்தை அங்கே வைத்ததால் அவனுக்கு ஏதாவது ஆகிவிடும் என்று நம்பினேன். விசர்க்கதைதான். ஆனால் பயம் பிடித்தவளுக்கு மூளை எங்கே வேலை செய்யும்?

வைகாசியில் சண்டை முடிந்துவிட்டது என்றார்கள். தம்பியை முகாமில் கண்டதாகவும் ஒருவரும் சொல்லவில்லை, காணவில்லை என்றும் சொல்லவில்லை. நான் கதவைப் பூட்டிக்கொண்டு கிடந்தேன். யார் தட்டினாலும் அந்தச் செய்திதான் வந்திருக்கிறது என்று காதைப் பொத்திக்கொள்வேன். அப்போதுதான் வெளியே உங்கள் குரல் கேட்டது. "நான்தான் பிள்ளை. செய்தி ஒண்டுமில்லை. சாப்பாடு மட்டும்தான்."

கோழிச் சூப்பைக் கரண்டியால் ஊட்டிவிட்டீர்கள். அன்றைக்குத்தான் உங்கள் இளைய மகனைப் பற்றிச் சொன்னீர்கள். அமெரிக்க எல்லையைக் கடக்கப் போனவன், போனவன்தான். இருக்கிறானா இல்லையா என்று பதினான்கு வருஷமாகத் தெரியாது. அந்த மேசையில் படமே இல்லாமல் ஒரு தட்டு இருந்ததாம், அது அவனுக்காம். நான் எங்கே கவனித்தேன்!

"முதல் கொஞ்ச வருஷம் பயத்தில அவன்ர பேரைக்கூடச் சொல்லேல்ல. பேந்துதான் யோசிச்சன், பிள்ளையைப் பட்டினி போட்டிட்டனோ எண்டு. அதுக்குப் பிறகுதான் வைக்கத் தொடங்கினனான். செத்தவனுக்கெண்டு இல்லை, பசிச்சவனுக்கெண்டு. ஆனா அவன்ர படத்தை வைக்க எனக்கும் இன்னும் துணிவில்லை. உன்ர தம்பியின்ர படம் மாதாவுக்குக் கிட்ட இருந்தது, அதை எடுத்து மாற்ற மனம் வரேல்ல. உன்னட்டக் கேக்காமல் வைச்சது என்ர பிழை."

பிழை என்னுடையது, அக்கா. இன்றைக்குத்தான் சொல்கிறேன். அன்றைக்கு அழத்தான் முடிந்தது.

ஆவணியில் நெஞ்சுவலி என்று போனீர்கள், இரண்டே நாளில் எல்லாம் முடிந்தது. மாதா கோயில் அடக்கப் பூசையில் பாதிரிச் சுவாமி குடும்பத்தவர்களை எழுந்து நிற்கச் சொன்னார். கோயிலில் பாதிப்பேர் எழும்பினார்கள். நானும் இவரும் எழும்பினோம்.

இப்போது பிட்டு அவிந்துவிட்டது. உங்களுக்கு ஒரு தட்டு, உங்கள் மகனுக்கு ஒரு தட்டு போட்டேன். தம்பிக்கும் ஒன்று போட்டுவிட்டு, பயந்துபோய், திரும்பச் சட்டிக்குள் கொட்டிவிட்டேன். கொட்டியதும் வேறு பயம் பிடித்தது. அவன் எங்கேயாவது பசியோடு இருந்தால்? கடைசியில் மூன்றாவது தட்டையும் போட்டு மூடிவிட்டேன். படத்தை மட்டும் கைப்பைக்குள் வைத்திருக்கிறேன். அது வெளியே வராது. அதை அந்த மேசையில் வைத்தால் அவன் இல்லை என்று நானே என் வாயால் சொன்னதாகிவிடும்.

நீங்கள் இப்போது இருக்கும் இடத்தில் அவனைக் கண்டால், எனக்குச் சொல்ல வேண்டாம் அக்கா. கனவில் வந்தும் சொல்ல வேண்டாம். அவனை இருத்திச் சாப்பாடு போடுங்கள்.