பொட்டு எங்கே?

நேற்று கோல் மார்க்கெட்டில் கண்ணாடி மாற்றப் போனேன். மோவாயைக் கண் பரிசோதிக்கும் கருவியில் வைத்ததும் ஸ்பிரிட் வாசனை வந்தது. நீ வேலை பார்த்த அறையின் வாசனை.

நீ அங்கே இருந்தபோது என் மகள் மாலுவுக்கு மூன்று வயது. பேச்சில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை. வீட்டில் தமிழ், வெளியே இந்தி, குழந்தை குழம்புகிறது என்று கிட்வாய் நகரே சொன்னது. நானும் அதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஆட்டிசமாக இருக்கலாம் என்றவள் நீ ஒருத்திதான். மந்திர் மார்க் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த உரிமையில் நீ வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கு எங்களை இழுத்துப் போனாய்.

அங்கே நீ இயக்கியது, குழந்தையின் பார்வை எங்கே போகிறது என்று காட்டும் கருவி. மாலு என் மடியில். எதிரே திரையில் ஒரு பெண் சிரித்துப் பேசினாள். அவள் பின்னால் மின்விசிறி சுற்றியது. உன் மேசைத் திரையில் மாலுவின் பார்வை ஒரு சிவப்புப் புள்ளியாகத் தெரிந்தது. அது மின்விசிறியை விட்டு நகரவில்லை. டாக்டர் ஏதோ எழுத ஆரம்பித்தார்.

அம்மா பேசக்கூடாது என்று நீ முன்பே சொல்லியிருந்தாய். ஆனாலும் மாலுவின் காதில், "பொட்டு எங்கே?" என்று கிசுகிசுத்தேன். காலண்டர் படங்களைக் காட்டி வீட்டில் நாங்கள் ஆடும் விளையாட்டு. புள்ளி சட்டென்று அந்தப் பெண்ணின் நெற்றிப் பொட்டுக்குத் தாவியது.

"அச்சா," என்று நிம்மதியாக எழுதுவதை நிறுத்தினார் டாக்டர். அவருக்குத் தமிழ் தெரியாது.

உனக்குத் தெரியும். கருவியை நிறுத்தினாய். மறுபடி எடுக்க வேண்டும் என்று அவரிடம் இந்தியில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பாமலே, "இந்தத் தடவை வாயைத் திறக்காதே," என்றாய்.

இரண்டாம் முறை புள்ளி மின்விசிறியிலேயே நின்றது.

வராந்தாவில் உன்மேல் பாய்ந்தேன். "கூடப் படிச்சவளுக்கு இதைக்கூட விட்டுக்கொடுக்க மாட்டியா?"

"விட்டா இவளுக்கு ரெண்டு வருஷம் வீணாப் போயிடும்டி," என்றாய். நீயும் அழுதாய். அதை நான் பார்க்காத மாதிரி நடந்தேன்.

மற்றப் பரிசோதனைகளும் அதையே சொல்ல, பயிற்சி தொடங்கியது. நாலரை வயதில் மாலு "தண்ணி" என்று கேட்டாள். அன்றைக்கும் உனக்குப் போன் செய்யாமல் வீம்பாக இருந்தேன். பிறகு ராசியானோம், ஆனால் அந்த நாளைப் பற்றி மட்டும் பேசவேயில்லை. நீ செய்தது சரி என்று, நீ இறந்துபோன பிறகு எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

இப்போது வாரத்தில் இரண்டு நாள், புதிதாக வரும் தாய்மார்களுக்குத் துணையாக அப்படி ஒரு பரிசோதனை அறையில் உட்காருகிறேன். போன வாரம் ஒருத்தி மகளின் கையைப் பிடித்துப் பந்தைத் தொட வைத்தாள். டாக்டர் கவனிக்கவில்லை. "கையை எடுங்க, அவளே செய்யட்டும்," என்றேன். அந்தத் தாய் என்னை முறைத்தாளே, அப்படி ஒரு வெறுப்பு. நீ அன்று இதைத்தான் தாங்கியிருக்கிறாய்.

பந்தைப் பழைய இடத்தில் வைத்தேன். "முதல்லேர்ந்து," என்றேன்.