துளசிராமன் பந்தலில் என் சட்டை

ஆரம்பாக்கம்
ஆனி கடைசி ஞாயிறு

அன்பு மகள் ரம்யாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், கத்திரிச் செடியும் நலம், என் சுரைக்கொடியைத்தான் நலமென்று சொல்ல வாய் வரவில்லை. மஸ்கட்டில் நீயும் உன் வார்டு நோயாளிகளும் நலமாக இருக்க வேண்டும், அவர்கள் குணமாகிக் கிளம்பினால்தானே நீ நேரத்துக்குத் தூங்க முடியும். தினமும் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பாய். போன் வந்தால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், மதிலுக்கு அந்தப் பக்கம் துளசிராமன் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறான், அவனைப் பற்றியே பேச வேண்டியிருக்கும்போது எப்படிப் பேசுவது? அதனால்தான் லீவு முடிந்து திரும்புகிற உன் தோழி ஜெனிபர் கையில் மோர்மிளகாய்ப் பொட்டலத்தோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன்.

அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டதை வெயிலுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கம்பெனியில் பர்னஸ் பக்கத்தில் பாதி வெந்து, மீதியைத் தோட்டத்தில் வேகவைத்துக்கொள்கிறேன். காய்த்து ஓய்ந்த கத்திரியை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன், மறுபடி துளிர்த்திருக்கிறது. வெண்டை முற்றிவிட்டது, முனையை ஒடித்தால் ஒடியாமல் வளைகிறது, வயசானதற்கு அதுதான் அடையாளம் என்கிறார்கள், என் முட்டி அந்த அளவுகூட வளைவதில்லை. மிளகாயில் மாவுப்பூச்சி, வேப்பெண்ணெயில் சோப்பைக் கரைத்து அடித்தேன், எதிர்காற்றில் பூச்சிக்குப் பாதி எனக்குப் பாதி. ஆடி பிறந்ததும் கீரை விதைக்கப் பாத்தியும் கொத்திப் போட்டாயிற்று. ஆனால் நான் எழுத வந்தது சுரைக்காயைப் பற்றி.

ஒரே நாளில், ஒரே பாக்கெட் விதையைத்தான் நானும் துளசிராமனும் ஊன்றினோம். என்னோடு ஒரே டிபார்ட்மென்டில் இருந்தபோதும் போனஸோடு கம்பெனி தரும் நாற்காலியோ சுவர்க் கடிகாரமோ, நல்லது எப்போதும் அவனுக்குத்தான் போகும். வி.ஆர்.எஸ். வாங்கி வீட்டில் உட்கார்ந்த பிறகாவது விடுவான் என்று பார்த்தேன். அவன் பந்தலில் காய் காயாகத் தொங்குகிறது. என் பந்தலில் இலை, மேலும் இலை, பொழுது சாய்ந்தால் வெள்ளை வெள்ளையாக ஆண் பூ. நுனியைக் கிள்ளிவிடு, பக்கக் கிளை ஓடினால்தான் பெண் பூ வரும் என்று உன் அம்மா அப்போதே சொன்னாள். ஆசையாக ஏறுகிற கொடியின் தலையைக் கிள்ள எனக்கு மனசு வரவில்லை. பதிலுக்கு எருவாகக் கொட்டினேன், அது தின்று தின்று என்னைப் போலவே பெருத்தது, பிரயோஜனமும் என் அளவுதான். இதைக்கூடத் தாங்கிக்கொண்டேன் கண்ணு. அவன் ஒரு காயைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு ஸ்டேட்டஸ் போட்டானே, அதற்கு நீ ஹார்ட் போட்டாயே, அதைத்தான் தாங்க முடியவில்லை. நான் என் பூவைப் போட்டதற்கு வெறும் கட்டைவிரல். அவன் போனை மதில் மேலாக நீட்டி, “பாத்தியா மாரி, உம் பொண்ணு நமக்கு ஆர்ட்டு போட்டுக்கீது” என்றான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான், உன் அம்மா படித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடுவாள். ஒரே ஒரு காய், என் கொடியில் காய்த்து, உன்னிடம் ஒரு ஹார்ட் வாங்கிவிட வேண்டும் என்பதுதான் இந்தக் கோடை முழுக்க எனக்கிருந்த ஒரே வெறி.

இந்த நேரத்தில் அவன் பந்தலில் திருஷ்டி பொம்மை கட்டினான். அது சாலையைப் பார்க்கவில்லை, நேராக நம் வீட்டைப் பார்த்தது. சரி, ஊரான் கண்ணுக்குப் பயந்தவன் என்று விட்டிருப்பேன், பொம்மை போட்டிருந்தது என் சட்டை! கம்பெனி நீலச் சட்டை, பையில் உன் அம்மா பச்சை நூலால் தைத்த தையல் அப்படியே இருக்கிறது. வைக்கோலைத் திணித்து என் தொப்பையைக்கூட விடாமல் அச்சு அசலாக எடுத்திருந்தான். கம்பெனி வேன் டிரைவர் அதற்கு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறான். டீக்கடை கோபால் ஊரே இருக்கும்போது, “இன்னா நைனா, ரெண்டு எடத்துல டூட்டி பாக்குறியா, அங்க சம்பளம் எவ்ளோ?” என்கிறான். சட்டையைக் கொடுத்தது யாரென்று வீட்டில் கேட்டேன். உன் அம்மா அரிசியிலிருந்து தலையை எடுக்காமல், “நான்தான் குட்தேன். உங் கண்ணுக்கு உஞ் சட்டதான் சரி, முள்ள முள்ளாலதான எடுக்கணும்” என்றாள்.

போன செவ்வாய் அவன் திருவாலங்காடு கோயிலுக்குப் போயிருந்தான். வெளிச்சம் மங்குகிற நேரம் பார்த்து மதில் ஏறினேன், சட்டையை உருவிவிடுவது என்று. ஒரு கால் இந்தப் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம், கை பொம்மையின் காலரில். அப்போது பந்தலுக்கடியில் யாரோ அசைந்தார்கள். உன் அம்மா! கையில் நம் கொடியின் ஆண் பூக்கள், ஒவ்வொன்றாக இதழைக் கிள்ளி அவன் பெண் பூக்களில் மெதுவாகத் தடவிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துத் திடுக்கிடக்கூட இல்லை. “இன்னாய்யா, உஞ் சட்டைய நீயே திருட வந்துட்டியா?” என்றாள். பிறகு அவளே சொன்னாள். அவன் நுனி கிள்ளிய கொடியில் பெண் பூ கொட்டிக் கிடக்கிறது, ஆண் பூவுக்குத்தான் பஞ்சம். தடவிவிட அவனால் ஆகாது, கண்ணில் புரை, சாயங்காலமானால் பூவே தெரிவதில்லையாம். பார்த்துச் சொல்ல அவன் பெண்டாட்டி குப்பாயியும் இப்போது இல்லை. “அண்ணன் வாயத் தொறந்து கேக்கல, நானாத்தான் செய்றேன். ஆம்பளப் பூவு நம்ம ஊட்ல சும்மாத்தான கெடக்குது” என்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் மதில் மேல் உட்கார்ந்தபடியே யோசித்தேன். அப்படியானால் அங்கே தொங்குவதெல்லாம் என் பூவுக்குப் பிறந்த காய்! பொம்மையின் காலர் பட்டன் கழன்றிருந்தது, போட்டுவிட்டு இறங்கினேன். மறுநாள் அவன் கொடுத்த காயில் கூட்டு, மூன்று தடவை போட்டுக்கொண்டேன், சொந்தக் காய்க்கு என்ன கூச்சம். பொறாமை போய்விட்டதா என்றால் இல்லை, ஆனால் இப்போது காலையில் அவன் பந்தலை எட்டிப் பார்ப்பதில் ஓர் உரிமை இருக்கிறது.

முதல் காயை அவன் விதைக்கு விட்டிருந்தான். காய்ந்து கலகலத்ததும் உடைத்து, “ரம்யா பாப்பாவுக்கு அனுப்பு” என்று கொடுத்தான். விதைப் பொட்டலத்தின் மேல் என் பெயரை மட்டும் எழுதலாமா என்று கை அரித்தது, இரண்டு பெயரும் எழுதியிருக்கிறேன், என்னுடையது கொஞ்சம் பெரிய எழுத்தில். அங்கே வெயில் தணிந்த பிறகு பால்கனியில் பெரிய தொட்டியாகப் பார்த்து ஊன்று. கொடி உன் இடுப்புக்கு வந்ததும் நுனியைக் கிள்ளிவிடு, அப்பா மாதிரி இளகிப்போய் நிற்காதே. வேளைக்குச் சாப்பிடு, நைட் டூட்டி முடிந்து வெறும் டீயோடு படுக்காதே. துளசிராமன் மாமாவுக்குக் கண் ஆபரேஷன் பற்றி நீயே போன் செய்து சொல், உன் பேச்சைத்தான் கேட்பான், அதிலும் எனக்கு வயிறு எரிகிறது, இருந்தாலும் சொல். எந்தக் கண்ணும் படாமல் நீ நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும், என் கண்ணையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மறக்காதே, காய் பிடித்தால் படம் முதலில் எனக்கு வர வேண்டும், அவனுக்கு நானே மதில் மேலாக நீட்டிக் காட்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மதிலுக்கு இந்தப் பக்கம் உடம்பாகவும் அந்தப் பக்கம் வைக்கோலாகவும் நின்று நீ வரும் வழி பார்க்கும் அப்பா,
மாரியப்பன்