தொட்டால் சாகும் கதையில் நடித்த என் மகள்

அனுப்புநர்:
பேருந்துப் பணிமனை மெக்கானிக்,
குறுக்குத் தெரு, கடைசி வீடு.
(மகளின் பாதுகாப்பு கருதி எங்கள் பெயர்களைத் தனித்தாளில் எழுதி இணைத்துள்ளேன்.)

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்.

பொருள்: தொலைக்காட்சித் திகில் தொடரில் கொள்ளைநோய் பரப்பும் சிறுமியாக நடித்த என் மகளுக்கு உயிராபத்து – பாதுகாப்பு அளிக்கவும் மறுஒளிபரப்பை நிறுத்தவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் ஒரே மகள் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி நாடகத்தில் அவளைப் பார்த்த ஒருவர் மூலம் திகில் தொடர் ஒன்றின் ஒரு பகுதியில் நடிக்கும் வாய்ப்பு வந்தது. கதை இதுதான்: பெயரில்லாத ஒரு சிறுமி விமான நிலையத்தில் படிக்கட்டுக் கைப்பிடியைத் தொடுகிறாள், லிஃப்ட் பொத்தானைத் தொடுகிறாள், தள்ளுவண்டியில் கிடக்கும் குழந்தையின் கன்னத்தைத் தொடுகிறாள். அவள் தொட்டதைத் தொட்டவர்கள் கண்ணில் ரத்தம் வழிந்து சாகிறார்கள். நாடு நாடாக நகரங்கள் காலியாகின்றன. கடைசியில் அவள் நம்மைப் பார்த்துச் சிரிக்கிறாள். ஐயா, அது முன்பல் விழுந்த என் மகளின் சிரிப்பு. அந்த ரத்தம் பீட்ரூட் சாறும் சர்க்கரைப் பாகும். வீட்டுக்கு வந்த பிறகும் அவள் சட்டையில் எறும்பு மொய்த்தது. வயிறு குலுங்கச் சிரித்தோம்.

2. ஒளிபரப்பான அன்று தெருவே எங்கள் வீட்டில்தான் உட்கார்ந்திருந்தது. எதிர்வீட்டு லாரி ஓட்டுநர், "நம்ம தெரு ஸ்டாரு" என்று அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். பிறகு யாரோ அந்தக் கடைசிக் காட்சியை மட்டும் வெட்டி, "இந்தக் குழந்தை நம் பகுதியில் சுற்றுகிறது, தொட விடாதீர்கள்" என்ற குரலைச் சேர்த்துக் கைப்பேசிகளில் பரப்பினார். அதையும் வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரம் தெருவில் பலருக்குக் காய்ச்சல் வந்தது.

3. வழக்கமாக வரும் சளிக்காய்ச்சல்தான் என்று அரசு மருத்துவரே சொன்னார். ஆனால் பக்கத்து இஸ்திரிக் கடைக்காரரின் கைக்குழந்தை மூச்சுத் திணறி மருத்துவமனைக்குப் போனது. முந்தைய நாள் அந்தக் குழந்தை கீழே போட்ட கிலுகிலுப்பையை என் மகள் எடுத்துக் கொடுத்ததைச் சிலர் பார்த்திருந்தார்கள். மாலையில் என் வாசலில் கூட்டம் கூடியது. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்கு இவ்வளவு பயம் வந்திருக்காது. லாரி ஓட்டுநர்தான் பேசினார்: "அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பாப்பாவ சொந்தக்காரங்க வீட்டுல எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுங்க."

"அது நடிப்புப்பா. நீயும்தானே உக்காந்து பாத்தே?" என்றேன்.

"தெரியும்ணே. எங்களுக்கும் புள்ளைங்க இருக்கு."

4. அதன்பின் குழாயடியில் என் மனைவி குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடங்களைத் தூக்கிக்கொண்டு விலகுகிறார்கள். அவள் நகர்ந்ததும் குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவுகிறார்கள். பணிமனையில் என் ஸ்பேனரை யாரும் தொடுவதில்லை. பள்ளியில், "கொஞ்ச நாள் வீட்லயே இருக்கட்டும்" என்றார்கள். காவல் நிலையத்தில் முறையிட்டேன். "டிவி கதைக்கெல்லாம் கேஸ் போட முடியுமா? நாலு நாள்ல மறந்துடுவாங்க, போங்க" என்று சிரித்து அனுப்பிவிட்டார்கள்.

5. இவை எதுவும் மகளுக்குத் தெரியாது என்று நினைத்திருந்தோம். இப்போது அவள் இரு கைகளிலும் பள்ளிக் காலுறைகளை மாட்டிக்கொண்டு திரிகிறாள். அம்மாவைக் கட்டிக்கொண்டு தூங்கியவள் சுவரோரம் தனியே படுக்கிறாள். "டைரக்டர் அங்கிள் தொடச் சொன்னாருன்னுதானேப்பா தொட்டேன்? அந்தக் குட்டிப் பாப்பா செத்துடுமா?" என்று கேட்டாள். அது வெறும் கதை என்றேன். "கதைன்னா ஏன் எல்லாரும் பயப்படுறாங்க?" என்றாள்.

6. இஸ்திரிக் கடைக்காரரின் குழந்தை பிழைத்துக்கொண்டது. வீடு திரும்பியதும் அதன் தாய், யார் தடுத்தும் கேளாமல், குழந்தையோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். "இந்தாடி கண்ணு, உன் தம்பிய வாங்கிக்கோ" என்று நீட்டினார். என் மகள் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு அலறினாள். அந்த அலறல் தெருவெங்கும் கேட்டது. "பாத்தீங்களா, அதுக்கே தெரியுது" என்று வெளியே ஒரு பெண் சொன்னது என் காதில் விழுந்தது.

7. மறுநாள் எங்கள் கதவிலும் இஸ்திரிக் கடைக் கதவிலும் சிவப்புச் சாயத்தில் பெருக்கல் குறி போடப்பட்டிருந்தது. பிறகு எங்களுக்குப் பால் ஊற்றும் அம்மாவின் கதவிலும் போட்டார்கள். இன்று காலை லாரி ஓட்டுநரின் கதவில் அதே குறி. அவருடைய மகன் இருமுகிறானாம். அவர் ஈரத்துணியால் அதைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கை நின்றது. "அண்ணே, இது சாதா இருமல்தாண்ணே" என்றார், நான் ஏதோ கேட்டுவிட்டது போல.

8. நான் வீட்டுக்குத் திரும்பியபோது என் வாசற்படி நனைந்திருந்தது. தண்ணீர் அல்ல, பெட்ரோல். அந்த வாடையில் நான் ஏமாற மாட்டேன். இன்னும் யாரும் தீக்குச்சியைக் கிழிக்கவில்லை, அவ்வளவுதான்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அதே பகுதி மறுஒளிபரப்பாகும் என்று விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை உடனே நிறுத்தவும், வெட்டிய காட்சியைப் பரப்பியவர்களைக் கண்டறியவும், எங்கள் தெருவுக்குக் காவலர்களையும் விளக்கம் சொல்ல ஒரு மருத்துவரையும் அனுப்பவும் பணிந்து வேண்டுகிறேன். குறியிடப்பட்ட மற்ற வீடுகளுக்கும் காவல் வேண்டும். லாரி ஓட்டுநர் மீது எனக்குப் புகார் இல்லை. அவருடைய மகனையும் காப்பாற்றுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வாருங்கள், ஐயா.

இடம்: மேற்படி வீடு
நாள்: வெள்ளிக்கிழமை

தங்கள் உதவியை நம்பியிருக்கும்,
(ஒப்பம்)
சிறுமியின் தந்தை

பின்குறிப்பு: இம்மனுவை நானே எழுதி நானே உறையிலிட்டேன். என் மகள் இதைத் தொடவில்லை. உறையின் மேலும் அப்படியே எழுதியிருக்கிறேன். எழுதாவிட்டால் இதைப் பிரிக்காமலே போட்டுவிடுவார்களோ என்ற பயம்தான். அவள் என்னை மன்னிக்கட்டும்.