பொத்தானின் நிறம்

ஹெல்சிங்கி, அக்டோபர் 9

அன்புள்ள அம்மாவுக்கு,

மூன்று கூட்டங்கள் கூடி ஆராய்ந்த பின், திரையிலுள்ள ‘நீக்கு’ பொத்தானைப் பச்சையிலிருந்து சிவப்பாக மாற்ற எங்கள் நிறுவனம் தீர்மானித்திருக்கிறது. நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

மாற்றத்துக்குக் காரணம் நான்தான். இலவச மென்பொருளுக்கு ஏன் காசு வாங்குகிறீர்கள் என்று கேட்டிருந்தீர்களே, அதை எங்கள் கணினிகளில் ஓடவைத்துக் காவல் காப்பதற்குத்தான் கூலி. சென்ற திங்களன்று, காவலுக்கு இருந்த நான், ஒரு ரத்த வங்கியின் கொடையாளர் பட்டியல் இருந்த கணினியைச் சோதனைக் கணினி என்று நினைத்து நீக்கிவிட்டேன். என் தகுதிகாண் காலம் முடிய நான்கே நாள் இருந்தது.

மேலாளரிடம் ஓடினேன். “எஸ்கோ, ரத்த வங்கியை அழிச்சிட்டேன்!”

அவர் காபியைக் கீழே வைக்காமலே திரையைப் பார்த்தார். “அதே பட்டியலோட இன்னொரு கணினி பக்கத்துலயே நிக்குதுல்ல? அது எப்பவோ வேலையை எடுத்துக்கிச்சு. அரை நிமிஷம்கூட ஆகல. உட்காரும்மா, முகமெல்லாம் வெளுத்துப்போச்சு.”

“என் வேலை போயிடுமா?”

“பொத்தானுக்குப் பச்சை அடிச்சவனே இன்னும் இங்கதான் இருக்கான். நான்தான் அது.”

வெள்ளியன்று வேலை நிரந்தரமானது. அன்றுதான் ஒழுங்காகத் தூங்கினேன்.

நவம்பரில் காமென் மாமா வரும்போது நம் ஊர்க் குடைமிளகாய்த் தொக்கு, லியுதெனிட்சா, கொடுத்தனுப்புங்கள். சின்னப் புட்டியே போதும், பெரியது ஒருத்திக்குத் தீர்வதில்லை. ஞாயிறுகளில் விஷயம் ஒன்றும் இல்லாவிட்டாலும் போன் செய்யுங்கள். டிராம் வந்துவிட்டது.

உங்கள் ராலிட்சா

பி.கு.: ரத்த வங்கிக்கு நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு எழுதினோம். அவர்கள் எதையும் கவனிக்கவே இல்லையாம், ஆகவே துணைக்கு நிற்கும் இரண்டாவது கணினி தேவையில்லை என்று பதில் வந்தது. ஒன்றாம் தேதி அதை நிறுத்துகிறோம்.