சூளை அறைக் கம்ப்யூட்டர்

செவ்வாய்க்கிழமை, இரவு.

பீங்கான் ஆலையின் கம்ப்யூட்டர்களில் நடப்பதையெல்லாம் சேகரிக்கும் சேவையை இன்று கண்காணிப்பு சர்வரில் இயக்கினேன். விண்டோஸ், லினக்ஸ் இரண்டு வகைக் கம்ப்யூட்டர்களிலிருந்தும் தகவல் வந்தது. மதியம் சூளை அறைக் கம்ப்யூட்டர் மட்டும் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டது. பதறி ஓடினேன். சூளை பார்க்கும் செல்வி அக்கா அதை அணைத்து வைத்திருந்தார்.

"காலையிலேர்ந்து கொதிக்குது தம்பி. சூளையக்கூட ஆற வுடுறோம், இத வுடக் கூடாதா?"

திட்டத்தான் போனேன், சிரிப்பு வந்துவிட்டது. இனி அணைக்காதீங்க அக்கா என்று மட்டும் சொன்னேன்.

மாலையில் எட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. தன் டேபிள் ஃபேனை அதன் பக்கம் திருப்பிவிட்டு, அக்கா முந்தானையால் விசிறிக்கொண்டிருந்தார்.

நாளை அலுவலகத்தில் இன்னொரு ஃபேன் கேட்க வேண்டும். கம்ப்யூட்டருக்கு என்று சொன்னால்தான் தருவார்கள்.