உனக்கு வீடு தேடினது

அதுக்கில்ல கண்ணு, வேலை கிடைச்ச இடத்துக்குப் பக்கத்துலயே உனக்கு ஒரு வாடகை வீடு பார்த்துடலாம்னுதான் மலாக்கா டவுன் முழுக்க அலைஞ்சேன். நம்ம ஊரு பெம்பான்லேர்ந்து பஸ்ஸை நம்பி வந்தா வேலை நிலைக்காதுலா.

ஏஜென்ட் போன்ல நல்லாத்தான் பேசுவான். பேரைச் சொன்னதும், "சாரி ஆன்ட்டி, ஓனர் இந்தியன்ஸுக்கு விடமாட்டாராம்"னுடுவான். கேட்ட வீடெல்லாம் இதே கதைதான்.

கடைசியில ஒரு ஓனர் வீட்டுக்கே போய்க் கெஞ்சிப் பார்க்கலாம்னு போனேன். வாசல் கேட்டுக்கிட்ட நின்னு, முருகா மன்னிச்சுக்கப்பான்னு நெத்தித் திருநீறைத் துடைச்சேன். ஓனரம்மா எட்டிப் பார்த்துட்டுக் கதவைச் சாத்திட்டாங்க.

அந்த வேலைக்கு வரலைன்னு சொல்லிடும்மா.

உன் பெரியம்மா

இப்பதான் ஞாபகம் வருது. சாத்துன கதவுக்கு மேல, நம்ம வீட்டுல கட்டுற மாதிரியே மாவிலைத் தோரணம் தொங்குச்சு.